ஃபேன் புதுசு, கனெக்டர் பழசு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் கூலிங் ஃபேன் பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 60 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாகக் கரகரவென்று சத்தம் போட்டது, இப்போது கையால் சுற்றிவிட்டால்தான் ஓடுகிறது. லேபிளில் 12 வோல்ட், 0.15 ஆம்பியர் என்று இருக்கிறது, மூன்று ஒயர். அதே அளவில் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் வாங்கி வந்தேன். அதன் கனெக்டர் பெரியது, போர்டில் இருக்கும் சாக்கெட் ரொம்பச் சின்னது, உள்ளே போகவே இல்லை. சர்வீஸ் கடையில் "அந்த ஃபேன் இப்போ வருவதில்லை, போர்டோடுதான் மாத்தணும்" என்கிறார்கள். வேறு வழி உண்டா?
(வாசகர், ஈரோடு)

பதில்: போர்டை மாற்ற வேண்டாம். போனது ஃபேன் மட்டும்தான், அதன் ஒயரும் நுனியில் இருக்கும் கனெக்டரும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்தக் கனெக்டரை ஒயரோடு வெட்டி எடுத்துப் புதிய ஃபேனின் ஒயரில் சேர்த்துவிட்டால் போர்டுக்கு வித்தியாசமே தெரியாது. கனெக்டர் ஏறவில்லை என்கிற ஒரே காரணத்துக்காக நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் காயலான் கடைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அது ஒரு பிளாஸ்டிக் கூடு, அவ்வளவுதான். உள்ளே எந்தப் பின்னில் என்ன வருகிறது, அது புதிய ஃபேனின் எந்த ஒயருக்குப் போகணும் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் ஃபேன் சரியானதா என்று பாருங்கள். 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்தான். சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு 6 வோல்ட்தான் வருகிறது என்று 5 வோல்ட் ஃபேன் வாங்கிவிடாதீர்கள். சூடு குறைவாக இருக்கும்போது வோல்டேஜைக் குறைத்து மெதுவாக ஓட்டுவதும், சூடு ஏறினால் முழுசாகக் கொடுப்பதும் ஆம்ப்ளிஃபயர்களில் சகஜம். பழைய லேபிளில் இருப்பதுதான் கணக்கு. ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கணும், ஏனென்றால் போர்டில் அந்த ஃபேனை ஓட்டுவது பெரும்பாலும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர், 0.15 இருந்த இடத்தில் 0.4 ஆம்பியர் ஃபேனை மாட்டினால் அது சூடாகிப் போய்விடும், அப்புறம் நிஜமாகவே போர்டு வேலை வந்துவிடும். ஆனால் சத்தமே வராது என்று சொல்லி விற்கிற 0.05 ஆம்பியர் ஃபேனையும் வாங்காதீர்கள், அது தள்ளுகிற காற்றும் குறைவாகத்தான் இருக்கும். அளவைப் பொறுத்தவரை, 60 மில்லிமீட்டர் ஃபேனில் ஸ்குரூ ஓட்டைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் 50 மில்லிமீட்டர் இருக்கும். கனம் மட்டும் 10, 15, 20, 25 என்று மாறும், அதையும் அளந்துகொண்டு போங்கள்.

இப்போது ஒயருக்கு வருவோம். நிறத்தை நம்பாதீர்கள், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். சந்தையில் அதிகம் வருகிற மூன்று ஒயர் ஃபேன் ஒன்றில் கறுப்பு மைனஸ், சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத் தகவல். இன்னொரு வகையில் கறுப்பு மைனஸ், மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேகத் தகவல். இரண்டிலும் மஞ்சள் இருக்கிறது, ஆனால் வேலை வேறு வேறு. உங்கள் பழைய ஃபேன் முதல் வகை, புதியது இரண்டாம் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தால் வேகத் தகவல் வாங்குகிற பின்னில் போய் ஃபேனின் பவர் ஒயர் உட்காரும். நான்கு ஒயர் ஃபேனில் இன்னும் குழப்பம்: கம்ப்யூட்டர் ஃபேனில் நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒயர், வேறு சில தயாரிப்புகளில் நீலம்தான் வேகத் தகவல், மஞ்சள் கட்டுப்பாடு.

கம்ப்யூட்டர் ஃபேனின் கனெக்டரில் பின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: ஓரத்திலிருந்து மைனஸ், 12 வோல்ட், வேகத் தகவல், நான்காவது இருந்தால் கட்டுப்பாடு. ஆகவே புதிய ஃபேனில் எது எது என்று நிறத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பழைய ஃபேனின் ஒயர்களைக் கண்டுபிடிக்க அதன் முதுகில் இருக்கும் லேபிளை உரித்துப் பாருங்கள், பல ஃபேன்களில் ஒயர் பற்றவைத்திருக்கும் இடத்தில் ப்ளஸ், மைனஸ் குறி அச்சாகியிருக்கும். அங்கே இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் போர்டில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் தேடுங்கள். இன்னொன்று, கறுப்பு ஒயர் மைனஸ்தானே, எங்கே கொடுத்தால் என்ன என்று பாடியில் கொண்டுபோய் இணைக்கக் கூடாது. சில போர்டுகளில் ப்ளஸ் எப்போதும் வந்துகொண்டிருக்கும், மைனஸ் பக்கத்தைத்தான் டிரான்சிஸ்டர் திறந்து மூடும்.

வெட்டும்போது கனெக்டர் பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் ஒயர் விட்டு வெட்டுங்கள், ஒட்ட வெட்டினால் அப்புறம் சால்டரிங் அயர்ன் பிடிக்க இடமிருக்காது. மூன்று ஒயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் மூன்று இணைப்பும் பக்கத்தில் பக்கத்தில் வராது, ஒன்றின் ஸ்லீவ் கிழிந்தாலும் இன்னொன்றைத் தொடாது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பற்றவைத்த பிறகு அது உள்ளே போகாது. இரண்டு நுனியையும் முறுக்கி, ஈயம் உருகி இழைகளுக்குள் இறங்கும்வரை சூடு காட்டி, ஆறியதும் ஸ்லீவை இழுத்து மூடிச் சுருக்குங்கள். முறுக்கிவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே போதாது. ஆம்ப்ளிஃபயர் சூட்டில் டேப்பின் பசை இளகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும், கீழே போர்டு திறந்து கிடக்கிறது.

பழைய கனெக்டரே உடைந்திருந்தால் அதே வகையை வெளியே வாங்கலாம். ஸ்கேலை வைத்து முதல் பின்னின் மையத்திலிருந்து கடைசிப் பின்னின் மையம் வரை அளந்து இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். மூன்று பின்னுக்கு 4 மில்லிமீட்டர் வந்தால் இடைவெளி 2 மில்லிமீட்டர், அது பெரும்பாலும் ஜேஎஸ்டி பிஎச். 5 மில்லிமீட்டர் வந்தால் ஜேஎஸ்டி எக்ஸ்எச்சாக இருக்கலாம், அல்லது நம்மூர்க் கடைகளில் ரிலிமேட் என்று கேட்டால் தருவார்களே, அந்த 2.54 மில்லிமீட்டர் வகையாக இருக்கலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒயர் பொருத்தியே கிடைக்கிறது, ஆன்லைனிலும் உண்டு. ஒயரோடு வருகிற கனெக்டரில் சிவப்பும் கறுப்பும் உங்கள் போர்டுக்கு நேர்மாறாக இருப்பது அடிக்கடி நடக்கிறது, எனவே பின்னின் இடத்தைப் பார்த்து இணைக்கணும். இந்த வகை பிரஷ்லெஸ் ஃபேன் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றாது. சுற்றாமல் நின்றுவிடும், பாதுகாப்பு இல்லாத ஃபேன் என்றால் உள்ளே இருக்கும் ஐசியும் போகும்.

மூடுவதற்கு முன்னால் காற்றின் திசை. லேபிளும் அதைத் தாங்குகிற குறுக்குக் கம்பிகளும் எந்தப் பக்கமோ, காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். பழையது எப்படி இருந்தது என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆம்ப்ளிஃபயரின் பெரிய கெபாசிட்டர்கள் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜை வைத்திருக்கும். கொஞ்ச நேரம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கேள்வி: புரொஜெக்டரில் ஃபேன் மாற்றினேன். ஒயர்களை நீங்கள் முன்பு எழுதியதுபோல் சரியாகத்தான் சேர்த்திருக்கிறேன், ஃபேன் சுற்றுகிறது. ஆனால் சில நொடிகளில் ஃபேன் எரர் காட்டி அணைந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் மூன்றாவது ஒயரை கிரவுண்டில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: செய்யாதீர்கள். அந்த மூன்றாவது ஒயர் இருப்பதே ஃபேன் நின்றால் விளக்கை அணைப்பதற்காகத்தான். புரொஜெக்டர் விளக்கு எரிகிறபோது காற்று இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும். ஒயரை கிரவுண்டில் கட்டினால், ஒருவேளை எரர் போனாலும், அடுத்த முறை ஃபேன் நிஜமாகவே நிற்கும்போது சொல்ல ஆள் இருக்காது.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் அந்த ஒயரில் இரண்டு ஜாதி இருப்பது. ஒன்று எஃப்ஜி எனப்படுவது, ஃபேன் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் இரண்டு பல்ஸ் அனுப்பும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 ஹெர்ட்ஸ். இன்னொன்று ஆர்டி, அது வேகத்தைச் சொல்லாது, ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதை மட்டும் சொல்லும். பல்ஸை எண்ணிக்கொண்டிருக்கிற போர்டுக்கு ஆர்டி ஃபேனை மாட்டினால் பல்ஸே வரவில்லை, ஃபேன் நின்றுவிட்டது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஃபேன், ஒரே மாதிரி மூன்று ஒயர். லேபிளில் இருக்கும் முழு மாடல் எண்ணையும், கடைசியில் கோடு போட்டு வருகிற எழுத்துகளையும் சேர்த்து, தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் பாருங்கள். பலரும் அந்தக் கடைசி எழுத்துகளை விட்டுவிட்டுத்தான் ஆர்டர் செய்கிறார்கள், எந்த சிக்னல், எத்தனை ஒயர் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டுமே எஃப்ஜிதான் என்றால் வேகத்தைப் பாருங்கள். பழையது 4000 சுற்று, புதியது 2000 என்றால் பல்ஸ் பாதிதான் வரும், போர்டு எதிர்பார்க்கிற அளவுக்குக் கீழே போனால் அதுவும் எரர்தான். மீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் ஃபேன் ஓடும் அந்தச் சில நொடிகளில் அளந்துவிடலாம், வருகிற எண்ணை 30-ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்று. வேகம், சிக்னல் இரண்டும் பழையதோடு ஒத்துப்போகிற ஃபேனைத் தேடி மாட்டுங்கள், கனெக்டர் வேறாக இருந்தால் பரவாயில்லை.

கேள்வி: எல்லா கம்பெனியும் ஒரே கனெக்டர் வைத்தால் என்ன கெட்டுவிடும்?
(வாசகர், விருதுநகர்)

பதில்: ஒன்றும் கெடாது. கம்ப்யூட்டரில் அது நடந்திருக்கிறது, இன்டெல் நான்கு ஒயர் ஃபேனுக்கு ஒரு வரையறை வெளியிட்டு, கட்டுப்பாட்டு சிக்னல் 25 கிலோஹெர்ட்ஸ் என்பது வரை எழுதிவைத்தது, பெரும்பாலானவர்கள் பின்பற்றினார்கள். காரணம், கம்ப்யூட்டரில் போர்டு ஒருவர், ஃபேன் ஒருவர், பெட்டி ஒருவர் செய்கிறார்கள். டிவி, ஆம்ப்ளிஃபயர், அடுப்பு இவற்றில் எல்லாமே ஒரே தொழிற்சாலையில் சேர்ந்து மூடப்படுகிறது, போர்டில் இடம் மிச்சம் என்று சின்ன சாக்கெட்டை வைத்துவிடுகிறார்கள், பத்து வருஷம் கழித்துத் திறக்கப்போகிறவரை யாரும் நினைப்பதில்லை. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, வீட்டு உபயோகச் சாதனங்களும் அதில் வருகின்றன. உதிரிபாகமும் சர்வீஸ் மேனுவலும் வெளியே கிடைக்கணும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கணும்.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பின் ஃபேன் நின்றுவிட்டது. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று இருக்கிறது, அதை மாட்டலாம், அடுப்பிலிருந்து கரண்ட் எடுக்காவிட்டாலும் போன் சார்ஜர் மாதிரி தனி அடாப்டர் வைத்து ஓட்டலாம் என்கிறான் மகன். சரியா சார்?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: அம்மா, இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மற்ற கேள்விகளில் சொன்னதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வோல்ட். இண்டக்‌ஷன் அடுப்பு ஃபேன்களில் 18 வோல்ட் நிறையப் புழங்குகிறது, 12-ம் உண்டு. கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட். 18 வருகிற இடத்தில் 12 வோல்ட் ஃபேனைப் போட்டால் ஜோராகச் சுற்றும், அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள், கொஞ்ச நாளில் கருகிப் போகும். ஃபேன் நின்ற அடுப்பில் சமைத்தால் ஐஜிபிடி என்கிற பவர் டிரான்சிஸ்டர் சூடேறி வெடிக்கலாம், ஃபேன் செலவு எங்கே, அந்தச் செலவு எங்கே.

இரண்டாவதுதான் முக்கியம். ஆம்ப்ளிஃபயரில் 12 வோல்ட் என்பது டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மெயின்ஸிலிருந்து பிரிந்து வருகிறது. பெரும்பாலான இண்டக்‌ஷன் அடுப்புகளில் அந்தப் பிரிவு கிடையாது. போர்டின் மைனஸ் நேராக மெயின்ஸ் ரெக்டிஃபயரோடு சேர்ந்திருக்கும், 230 வோல்ட் ஏசி டிசி ஆகும்போது உச்சம் 325 வோல்ட் வரை போகும், ஃபேனின் 18 வோல்ட் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ப்ளக் சுவரில் இருக்கும்போது அந்த ஒயரைத் தொட்டால் மெயின்ஸைத் தொட்டதுபோலத்தான், மைனஸ் ஒயரானாலும் சரி. ஆகவே அடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்து மீட்டரால் தேடுகிற வேலை வீட்டில் வேண்டாம். தனி அடாப்டர் ஒயரை உள்ளே விடுவதும் வேண்டாம், கரகரவென்று அதிர்ந்து ஓடுகிற பெட்டிக்குள் அந்த ஒயர் எங்காவது உரசினால் மெயின்ஸ் அதன் வழியாக வெளியே வந்துவிடும். அதோடு அடுப்பு அணைந்த பிறகும் ஃபேன் சற்று நேரம் ஓடணும் என்று போர்டு வைத்திருக்கும் கணக்கும் போய்விடும்.

ப்ளக்கைப் பிடுங்கி நன்றாக நேரம் விட்டு, அடிமூடியைத் திறந்து பார்க்கலாம். பாதி அடுப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பானும் இறக்கையில் சிக்கியதுதான் காரணமாக இருக்கும், துடைத்தாலே ஓடும். ஓடாவிட்டால் லேபிளில் உள்ள வோல்ட், ஆம்பியர், அளவு மூன்றையும் குறித்துக்கொண்டு இண்டக்‌ஷன் அடுப்பு ஃபேன் என்றே கேட்டு வாங்குங்கள், இரண்டு ஒயர்தான், கனெக்டர் ஏறவில்லையென்றால் பழையதை வெட்டி ஒட்டி ஸ்லீவ் போட்டுத் தரும்படி அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுங்கள். இதை மட்டும் அவரிடமே விடுங்கள்.

கேள்வி: ஃபேனை மாற்றாமல் எண்ணெய் விட்டால் போதாதா? தேங்காய் எண்ணெய் விடலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறையும், சூட்டில் நாள்பட்டால் பிசின்போல இறுகும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். லேபிளை மெதுவாக உரித்தால் நடுவில் சின்ன ரப்பர் மூடி இருக்கும், சிலவற்றில் நேராக அச்சே தெரியும். ஒரு சொட்டு விட்டு, விரலால் பத்து சுற்று சுற்றி, வழிந்ததைத் துடைத்துவிட்டு லேபிளை ஒட்டுங்கள். பிசுக்கு இருந்தால் லேபிள் ஒட்டாது, தூசி உள்ளே போகும். இது ஸ்லீவ் பேரிங் ஃபேனுக்குத்தான். பால் பேரிங்கில் கரகரப்பு வந்துவிட்டதென்றால் குண்டுகள் தேய்ந்துவிட்டன, எண்ணெய் உதவாது. ஸ்லீவிலும் இறக்கையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், நன்றாக ஆடினால் புதியது வாங்கிவிடுங்கள். எண்ணெய் விட்ட ஃபேன் புதியது வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் நம்பாதீர்கள்.

கேள்வி: செட்டாப் பாக்ஸ் ரொம்பச் சூடாகிறது. 12 வோல்ட் ஃபேன் ஒன்று இருக்கிறது, யுஎஸ்பியில் மாட்டலாமா?
(வாசகர், வேலூர்)

பதில்: யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட். 12 வோல்ட் ஃபேன்களில் பல அதில் கிளம்பாது, கிளம்பினாலும் தள்ளாடும். 5 வோல்ட் ஃபேன், 0.2 ஆம்பியர் அளவில், தனியாகவே விற்கிறது, அதை ஒரு பழைய போன் சார்ஜரில் மாட்டுங்கள். யுஎஸ்பி கேபிளை வெட்டினால் சிவப்பு ப்ளஸ், கறுப்பு மைனஸ் என்று இருக்கணும், விலை மலிந்த கேபிளில் நிறம் மாறி வருவதால் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள், பச்சையும் வெள்ளையும் தேவையில்லை, தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மடக்கிவிடலாம். அதற்கு முன்னால் பாக்ஸை மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, மேலே இருக்கும் துணியையும் எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள், ஃபேனே தேவைப்படாமல் போகலாம்.